கடைசி வண்டி

கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் கிருபாசங்கருக்கு ஞாயிறு என்றால் புல்லட்தான். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். எந்த ஊருக்கு என்று அவருக்கே தெரியாது. தோன்றிய இடத்தில் திரும்புவார், பிடித்த இடத்தில் நிறுத்துவார். ஒருமுறை அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனவர் மறுநாள்தான் வீடு திரும்பினார். போனையும் எடுக்கவில்லை. அன்றைக்கு மனைவி லோகப்பிரியா கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஏனுங்க, தனியாப் போயி எங்காச்சும் உழுந்து கெடந்தா தூக்கறதுக்கு ஆரு இருக்கறாங்க? நாலு பேரோட போறதுன்னாப் போங்க. இல்லீன்னா வண்டிய வித்துப்போடுங்க.”

அப்படித்தான் பக்கத்துத் தெரு பொங்கியண்ணன் நடத்திய ரைடர் குழுவில் சேர்ந்தார். முதலில் ஒட்டவில்லை. சேர்ந்து கிளம்பி, சேர்ந்து தின்று, சேர்ந்து போட்டோ எடுப்பது கல்யாண வேனில் போவது மாதிரி இருக்கிறது என்று வீட்டில் முனகினார். ஆனால் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுவதில் தேர்ந்தவர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். யார் வண்டி நின்றாலும் அவரும் நிற்க வேண்டும். அந்த இடம் கிருபாசங்கருக்கு வந்தது. பஞ்சர் ஒட்டினார், கழன்ற செயினை மாட்டினார், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார். போகப் போக அந்த இடம் பிடித்துப்போனது. தனியாக ஓட்டுவது போலவும் இருந்தது, ஆட்களோடு இருப்பது போலவும் இருந்தது.

போன ஆடியில் வால்பாறைக்குப் போனார்கள். ஆழியாறில் நிற்கும்போதே மலை முழுக்க மஞ்சு மூடிக்கிடந்தது. அவர் தனியாக வந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பார். குழு ஏறியது. பின்னாலேயே ஏறினார்.

மேலே ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது புல்லட் வழுக்கியது. சாலையோரம் சரிந்து தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தார். வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. முன்னால் போன வண்டிகளின் சத்தம் வளைவு வளைவாக ஏறி, மெலிந்து, இல்லாமல் போனதைக் கிடந்தபடியே கேட்டார். கத்திப் பார்த்தார். தலைக்கு மேலே பஸ்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. எப்படியும் தேடி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கொளுந்து பறித்துவிட்டுத் திரும்பிய எஸ்டேட் பெண்கள்தான் சாயங்காலம் அவரைப் பார்த்தார்கள். கோவை ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு பொங்கியண்ணன் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, தரையையே பார்த்துக்கொண்டு பேசினார். செயற்கைக் கால் பொருத்தியதும் தன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரலாம் என்றார்.

“ஒருத்தரு கூடவா திரும்பிப் பாக்கலீங்க?” என்று கேட்டார் கிருபாசங்கர்.

“பாத்தமுங்க. காணோமுன்னு பேசிக்கவும் செஞ்சோம். உங்களுக்குத்தான் தனியாச் சுத்தற பழக்கமாச்சே, எங்காச்சும் நின்னு வேடிக்கை பாத்துட்டு வருவீங்கன்னு உட்டுப்போட்டோமுங்க.”

குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் அப்படி நின்றதில்லை.

டீ டம்ளர்களோடு நின்றிருந்த லோகப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் போனதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நாந்தானுங்களே உங்கள அவீங்களோட அனுப்புனேன்.”

“தனியாப் போயிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும், அம்மணி,” என்றார் அவர்.

லோகப்பிரியா தலையாட்டினார். நம்பவில்லை. சொன்னவரும் நம்பவில்லை.