ஒரே ஒரு சூப்பர்

2025 மே 21, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, கோலம் போட்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுச் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் செய்தேன். கணவருக்கும் எனக்கும் தூக்குகளில் அடைத்தேன். ஒன்பதரை மணிக்குத் திண்டுக்கல் கடைவீதியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். முதல் நாள் விரிந்து கிடந்த சேலைகளை மடித்து, நிறவாரியாக அடுக்கி முடிப்பதற்குள் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லிக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் இந்த ஊரில் நிறைய.

எங்கள் பட்டுப் பகுதியில் விற்கிறவரும் வாங்குகிறவரும் பாயில்தான் உட்காருவோம். என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வயதில் எனக்கு மிகவும் இளையவள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளிடம் இருப்பது ஒரே ஒரு சொல். சூப்பர். தோளில் எந்தச் சேலை விழுந்தாலும் சூப்பர். டீ சூப்பர், மழை சூப்பர், முதலாளி போட்ட புதுச் சட்டை சூப்பர்.

நான் அப்படியல்ல. சிவந்த நிறத்துக்கு மயில்கழுத்து நிறம் பொருந்தினால் ‘எடுப்பா இருக்கு’ என்பேன். வயதானவர்கள் சந்தன நிறம் எடுத்தால் ‘பாந்தமா இருக்கு’. ஆசிரியைகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் சுங்குடி என்றால் ‘பதவிசா இருக்கு’. கரையும் உடலும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இருந்தால் ‘கச்சிதம்’. மணப்பெண்ணின் முகத்தையே ஒரு சேலை மாற்றிக் காட்டும்போது மட்டும் ‘அம்சம்’. அந்தச் சொல்லை மாதத்தில் இரண்டு தடவை சொன்னால் அதிகம்.

ஒருநாள் முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: “ஏம்மா, நீங்க அகராதி விக்கிறீங்க. அந்தப் புள்ள சேலை விக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் ‘சூப்பர்’ சொல்லும்போதெல்லாம் என் காது தானாக அந்தப் பக்கம் போகும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒன்று புரிந்தது. அது ஒரே சொல் அல்ல. பிடிக்காத சேலைக்குச் சட்டென்று சொல்லி முடித்து அடுத்ததைப் பிரிப்பாள். விலையைக் கேட்டுத் தயங்குகிறவர்களிடம் இழுத்துச் சொல்வாள். உண்மையிலேயே பொருந்தியதற்குக் குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சொல்வாள். எனக்கு ஆறேழு சொல் தேவைப்பட்ட இடத்தில் அவளுக்குத் தொண்டை ஒன்றே போதுமாக இருந்தது. இது தெரிந்த பிறகு என் வயிற்றெரிச்சல் குறையவில்லை, கூடியது.

பதினொரு மணிக்கு, வத்தலக்குண்டுப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் அம்மா தன் இளைய மகளோடு வந்தார். அவரும் நானும் பல வருடமாக ஒருவரை ஒருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வோம். மூத்த மகளின் முகூர்த்தச் சேலையை எடுத்துக் கொடுத்தது என் கைதான். அவள் நன்றாக வாழ்கிறாள், அதனால் எனக்குக் கைராசி என்று அந்த வீட்டில் பேர். எங்கள் பக்கத்தில் முகூர்த்தச் சேலையைக் குங்குமம் வைத்து எடுத்துக் கொடுக்கும் கை முக்கியம். அந்தப் பேர் ஒன்றுதான் கடையில் எனக்கென்று மிச்சம் இருந்தது.

“மதினி, இவளுக்கும் ஒங்க கையாலதான்” என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். அடுத்த பாயில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு இனித்தது.

ஐந்தாறு சேலை பிரித்தேன். எல்லாவற்றுக்கும் என் சொற்களை அளந்து சொன்னேன். பெண்ணின் பார்வை என் கையில் நிற்கவில்லை. அடுத்த பாயில் யாருக்கோ ‘சூப்பர்’ விழுந்தது, சிரிப்பு எழுந்தது. பெண்ணின் கழுத்து அந்தப் பக்கமே திரும்பியது. எனக்குள் ஒரு பதற்றம். கையில் இருந்த இலைப்பச்சையைப் பெண்ணின் தோளில் போட்டு, வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, “சூப்பர்” என்றேன்.

மதினி சேலையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

“என்ன மதினி, சரக்குத் தேங்கிப் போச்சா? தள்ளி விடுறீகளா?”

“அய்யோ, இல்ல மதினி. எடுப்பா இருக்குன்னு சொல்ல வந்தேன்.”

“அப்ப அதச் சொல்ல வேண்டியதுதான? நீங்க இப்பிடிப் பேச மாட்டீகளே.”

பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ம்மா, அந்தக்காகிட்ட ரெண்டு பாத்துட்டு வந்துருவோம்” என்று எழுந்தே விட்டாள். மதினி என்னைப் பார்த்து, “சின்னப் புள்ள ஆசைப்படுது, செத்த நேரம்” என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் போனார்.

அடுத்த பாயில் அரக்கு நிறத்தில் பச்சைக் கரை வைத்த பட்டு பெண்ணின் தோளில் விழுந்தது. சின்னாளப்பட்டிக்காரி கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, குனிந்து, மெதுவாக, “சூப்பர்” என்றாள். ரகசிய சூப்பர். பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

மதினி மட்டும் இன்னும் தலையாட்டவில்லை. அங்கிருந்தே கேட்டார்: “மதினி, நீங்க சொல்லுங்க. எப்பிடி இருக்கு?”

‘பரவாயில்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்தச் சேலை செத்திருக்கும். நாக்கு நுனிவரை அது வந்தது. ஆனால் அந்தப் பெண் கண்ணாடி முன் அப்படி நின்றாள். அரக்கு அவள் மாநிறத்துக்கு ஒரு வெளிச்சம் கொடுத்திருந்தது.

“அம்சமா இருக்கு” என்றேன்.

“மதினியே சொல்லிட்டாக. இதையே எடும்மா.”

சின்னாளப்பட்டிக்காரிதான் எழுந்து போய்க் குங்குமத் தட்டைக் கொண்டுவந்தாள். சேலை நுனியில் பொட்டு வைத்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். விற்றது என் சொல். கை அவளுடையது. எப்போதும் எனக்கென்று தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வரும் மல்லிகைச் சரத்தை மதினி அவளுக்கே கொடுத்தார். எனக்கு, “கல்யாணத்துக்கு வந்துருங்க மதினி” என்ற அழைப்பு.

அவர்கள் போனதும் சரத்தைப் பாதியாகக் கிள்ளி என்னிடம் நீட்டினாள். “இந்தாங்கக்கா.”

“தலைவலி. பூ வேணாம்.”

“இஞ்சி டீ சொல்லவாக்கா? சூப்பரா இருக்கும்.”

அந்தச் சூப்பர் எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை. உண்மையிலேயே என் தலைவலிக்காகச் சொன்னதாகக்கூட இருக்கலாம். டீயும் வேண்டாம் என்றேன். சாயங்காலம்வரை அந்தப் பூவின் வாசம் என் பக்கமே வீசிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வழக்கத்துக்கு முன்பாகவே கடைக்குப் போனேன். சாமி விளக்கு ஏற்றுவதற்கும் முன்னால், முதல் வேலையாக என் பாயை அவள் பாயைத் தாண்டி ஒரு முழம் வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன்.