நான்காவது கப்

அலுவலகங்களில் அவளைக் காபி டாக்டர் என்பார்கள். பெயர்தான் டாக்டர், உட்காரச் சொல்லி ஒரு நாற்காலி போடமாட்டார்கள். தோளில் பதினொரு கிலோ கருவிப் பை, இடுப்பில் சாவிக்கொத்து, குதிகால் தேய்ந்த ஷூ. இந்த நகரத்தின் எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் காபி மெஷின் மக்கர் செய்தாலும் அவள்தான் போக வேண்டும். கம்பெனியில் போன் எடுக்கும் கம்ப்ளெயின்ட் அண்ணன் காலை ஏழே முக்காலுக்கே ஆரம்பித்துவிடுவார்.

"தங்கச்சி, ஏழாவது மாடி. பால் வரலையாம். அழாத குறையா பேசுறாங்க."

"பாலுக்கு அழ அவங்க என்ன கைக்குழந்தையாண்ணே?"

"அதை நேர்ல போய்க் கேட்டுக்கோ. அப்புறம், லிஃப்ட்டும் வேலை செய்யலையாம்."

பன்னிரண்டு வருடமாக இதே பாட்டு. வக்கீல் ஆபீஸில் மை மாதிரி கறுப்பாக, ரெண்டு வாய்க்கு மேல் இருக்கக்கூடாது. இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் பாலும் நுரையுமாகப் பெரிய கப்பில் வேண்டும். காபி அதில் பேருக்கு எட்டிப் பார்த்தால் போதும். பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் சர்க்கரைதான் காபி, மற்றதெல்லாம் துணைக்கு. யாருக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். ஆனால் அதில் ஒரு சொட்டுகூட அவள் தொண்டைக்குள் இறங்கியதில்லை.

அது தொழில் முறை. மெஷினுக்குள் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியும். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றி அரைமணி நேரம் ஊறவைத்தால் அது கரையும். ஊறும்போது யாரும் தொட்டுவிடாமல் இருக்க மெஷின் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். பிறகு மூன்று கப் காபி இறக்கிக் கொட்டிவிட வேண்டும். நான்காவது கப்பை மெக்கானிக்கே வாயில் வைத்துப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நான்காவது கப். அத்தனையும் குடித்தால் ராத்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால் நாக்கில் ஒரு சுற்று புரட்டிவிட்டுத் துப்பிவிடுவாள்.

அவள் விழுங்கும் காபி ஒன்றே ஒன்றுதான். காலையில் படுக்கையில் கண்ணைத் திறக்கும் முன்பே கைக்கு வரும், வீட்டுக்காரர் போடும் காபி.

அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சமையல்காரர். தினமும் முந்நூறு நோயாளிகளுக்குச் சாப்பாடு. வீட்டில் ஆக்குவது அவள் பொறுப்பு, காபி மட்டும் அவருடையது. அடுப்பில் வைக்கும் பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்று வைத்திருந்தார். அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேல் அறையில் காபி பொங்கி ஏறும். கறுக்க வறுத்த தூள் ரெண்டு கரண்டி, இளவறுப்பு அரைக் கரண்டி. தூளை அமுக்கக்கூடாது. முதலில் ஏறி வரும் நாலு சொட்டிலேயே சர்க்கரையைப் போட்டுக் குழைத்துவிட வேண்டும். பால் சுட வேண்டும், ஆனால் கொதிக்கக்கூடாது. எப்போது இறக்குவது என்பதற்கு மட்டும் அவரிடம் அளவு கிடையாது.

"மணம் மாறும் பாரு, அப்ப இறக்கணும்" என்பார்.

"எத்தனை நிமிஷம்னு சொல்லுங்களேன்."

"காபிக்கு எதுக்குக் கடிகாரம்? மூக்கு எதுக்கு இருக்கு?"

அந்த மூக்குதான் போய்விட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் இறங்கும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. நாக்கும் மரத்துவிட்டது. மருத்துவர் கையை விரிக்கவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை. "சில பேருக்கு ஆறு மாசம், சில பேருக்கு ரெண்டு வருஷம். பார்க்கலாம்" என்றார். வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் ஒரு அண்டா சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார். வார்டு வார்டாகத் தட்டுகள் திரும்பி வந்தன. சமையலறை மேலாளர் கெட்டவர் இல்லை. லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதமாகத்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். ஜன்னல், சுவர், மறுபடி ஜன்னல். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அலுமினியப் பாத்திரம் கவிழ்த்து வைத்த இடத்திலேயே கிடந்தது.

அவர் மறுபடி அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வாசனை வந்தால் தானாக எழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள். மெஷின் மனசு, வேறு எப்படி யோசிக்கும்? எங்கே அடைத்திருக்கிறதோ அங்கே திறந்துவிட்டால் ஓடும் என்று நம்பினாள். கூம்புக் காகிதத்தில் தூளைப் போட்டு மெல்லிய தாரையாக வெந்நீர் ஊற்றி வடித்துக் கொடுத்தாள். கண்ணாடி ஜாடியில் நாலு நிமிடம் ஊறவைத்து, சல்லடைத் தட்டை அழுத்திக் கொடுத்தாள். கொரகொரவென்று அரைத்த தூளை ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, காலையில் வடிகட்டியும் கொடுத்துப் பார்த்தாள்.

"எப்படிங்க இருக்கு?"

"சூடா இருக்கு."

மறுநாள்: "இது?"

"இதுவும் சூடா இருக்கு."

குளிர்ந்த காபியைக் குடித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜில்லுனு இருக்கு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். தம்பி முன்னால் வரிசையாக மூன்று கப்புகள் ஆறிக் கிடப்பதைப் பார்த்தாள்.

"என்னடி இது, என் தம்பியைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பார்க்கிறியா?"

"நீங்க வேணும்னா எடுத்துட்டுப் போங்க அண்ணி. கேரண்டி முடிஞ்சு போச்சு."

நாத்தனார் சிரித்தாள். அவரும் சிரிப்பார் என்று இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியே நாலு மாதம். காலையில் அவளே எழுந்து காபி போட்டு, அவருக்குக் கொடுத்து, தன் பங்கை நின்றபடியே வாயில் ஊற்றிக்கொண்டு ஓடுவாள். அது காபியா கஷாயமா என்று அவளுக்கே தெரியாது. நாள் முழுக்க அடுத்தவர் காபி, காலையில் தன் கையாலேயே காபி. தன் முதுகைத் தானே பிடித்துவிட்டுக்கொள்வது மாதிரி இருந்தது.

அந்தப் புதன்கிழமை லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் மூன்று. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்பின. கருவிப் பையைக் கதவோரம் இறக்கினாள். தண்ணீர் சுட வைக்கலாம் என்று கெட்டிலைத் திறந்தால், உள்ளே அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொருக்கு. ஊரெல்லாம் உப்பெடுக்கிறவள் வீட்டுக் கெட்டில்! தலையில் அடித்துக்கொண்டு, பையிலிருந்த எலுமிச்சை உப்பை ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீரை நிரப்பி மூடினாள். அரைமணி ஊறட்டும், அப்புறம் கொட்டிக்கொள்ளலாம்.

"காபி போடலையா?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

சாதாரணக் கேள்விதான். ஆனால் அவளுக்குள் என்னவோ அறுந்தது.

"போடல. இனிமே போடவும் மாட்டேன். உங்களுக்குச் சூடுன்னும் ஜில்லுன்னும் தெரிஞ்சா போதும்னா, குழாயைத் திறந்து குடிங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு மட்டும் என்ன, ருசி தெரியுதா? ஊர்ல இருக்கிற மெஷினெல்லாம் என் வாயிலதான் கொட்டுது. யாராவது ஒரு கப் போட்டு என் கையில கொடுத்தா போதும்னு இருக்கு. நல்லா இருக்கணும்னுகூட இல்ல. என் கையால போட்டதா இல்லாம இருந்தா போதும்."

சொல்லிவிட்டுச் சாக்ஸைக் கழற்றக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு சாக்ஸ் கழன்றது. இன்னொன்று காலிலேயே இருந்தது. அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.

விடிந்தபோது அவளை எழுப்பியது ஒரு சத்தம். களக் களக் என்று, வயதானவர் வாய் கொப்பளிக்கிற மாதிரி. அலுமினியப் பாத்திரத்தில் காபி ஏறும் சத்தம். கனவுதான் என்று கண்ணை மூடியே வைத்திருந்தாள். சத்தம் சட்டென்று நின்றது. சரியான இடத்தில் நின்றது. பிறகு கப்பில் ஊற்றிக் கலக்கும் கரண்டிச் சத்தம்.

அவர் கப்போடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நாலு மாதத்துத் தாடிக்கு நடுவே முகம் பரீட்சை எழுதிய பையன் முகம் மாதிரி இருந்தது.

"குடிச்சுப் பாரு. நான் என் பங்கைக் குடிச்சுட்டேன். பால் இல்லாமதான் போட்டேன், தீர்ந்து போச்சு."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு வாய் வைத்தாள்.

புளிப்பு. பல்லைக் கூசவைத்து, கண்ணை இறுக்கி, காதுமடல் வரைக்கும் ஏறும் புளிப்பு. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அந்தப் புளிப்பை அவள் நாக்குக்குத் தெரியாதா? மூன்று கப் கொட்டாத மெஷினின் புளிப்பு. கெட்டில்! ஊறவைத்துவிட்டு, கொட்டாமல், சிவப்பு அட்டையும் மாட்டாமல் தூங்கியிருக்கிறாள். எந்தக் கட்டடத்திலும் அவள் செய்திராத தப்பு.

துப்பத்தான் வாய் போனது. அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது. விழுங்கினாள்.

"எப்படி?"

நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் முந்நூறு பேருக்குச் சமைத்தவர். சாப்பிடுகிறவர் முகத்தைப் படிக்கத் தெரியாதவரா? ஒருமுறை பொய் சொன்னால் அப்புறம் அவள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். நன்றாக இல்லை என்றாலோ, நேரே நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். இந்தமுறை எழவே மாட்டார்.

"தண்ணி எங்க பிடிச்சீங்க?"

"கெட்டில்ல ரொம்பி இருந்துச்சே. போடமாட்டேன்னு சண்டை போட்டாலும் எனக்காக நிரப்பி வச்சிருக்கியேன்னு நினைச்சேன். அதான் எழுந்தே வந்தேன்."

அவள் கப்பைக் கீழே வைத்தாள்.

"அது எலுமிச்சை உப்புத் தண்ணிங்க. கெட்டில் கழுவ ஊறவச்சேன். கொட்ட மறந்துட்டேன். தப்பு என்னுது."

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

"நான் ஒரு கப் முழுசா குடிச்சிருக்கேன்!"

"ஒண்ணும் ஆகாது. ஊறுகாய்ல போடுறதுதான். உள்ள உப்பு படிஞ்சிருந்தா சுத்தமாயிருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அட்டையாவது மாட்டியிருக்கலாம்ல?" என்றவர், பாதியிலேயே குலுங்க ஆரம்பித்தார். அழுகிறாரோ என்று பயந்து அவர் தோளைத் தொட்டாள். சிரித்துக்கொண்டிருந்தார். நாலு மாதத்துச் சிரிப்பு, துருப்பிடித்த குழாய் மாதிரி விட்டு விட்டு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் முகம் மறுபடி தொங்கியது. "எனக்குத் தெரியவே இல்ல பாரு. சூடா இருந்துச்சு. அவ்வளவுதான் தெரிஞ்சுது."

அவள் கப்பை எடுத்து இன்னொரு வாய் வைத்தாள். இந்த முறை வேலையில் செய்வது மாதிரி, நாக்கில் ஒரு சுற்று புரட்டினாள். புளிப்புக்கு அடியில் தேடினாள்.

"தூள் அளவு சரி. கருகல. சர்க்கரை கரைஞ்சிருக்கு. சரியா இறக்கியிருக்கீங்க. மணம் தெரியாம எப்படி இறக்குனீங்க?"

அவர் யோசித்தார். "சத்தம் மாறுச்சு. முதல்ல கெட்டியா வரும், அப்புறம் காத்து சேரும். அது இத்தனை நாளும் காதுல விழுந்துட்டுதான் இருந்துச்சு போல. மூக்குதான்னு நினைச்சுட்டேன்."

"அப்ப மெஷின்ல கோளாறு இல்ல. தண்ணிதான்."

அவர் எழுந்தார். கெட்டிலைக் கவிழ்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. "மூணு கப் கொட்டணும்னு சொல்லுவியே?"

"அது பெரிய மெஷினுக்கு. வீட்டுப் பாத்திரத்தைக் கழுவினாலே போதும்."

"முறைன்னா முறைதான்" என்றார் அடுப்படியிலிருந்து.

முதல் கொப்பளிப்பு. தொட்டியில் கொட்டும் சத்தம். இரண்டாவது. அவள் சுவரில் சாய்ந்து, ஒரு காலில் சாக்ஸோடு கேட்டுக்கொண்டிருந்தாள். தூள் வீணாகிறதே என்று தோன்றியது, வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது ஏறும்போது போன் அடித்தது.

"தங்கச்சி, ஆறாவது மாடி. மெஷின்லேருந்து வெந்நீர் மட்டும்தான் வருதாம். எங்க இருக்க?"

"இங்க ஒரு வேலை நடந்துட்டிருக்குண்ணே. முடிச்சுட்டுதான் வருவேன்."

"இத்தனை காலையிலயா? எந்தக் கட்டடம்?"

"லிஃப்ட் தேவைப்படாத கட்டடம்."

நான்காவது கப் வந்தது. கறுப்பாக, மேலே மெல்லிய பழுப்பு நுரையோடு. அவர் உட்காரவில்லை, கையைத் துண்டில் துடைத்தபடி நின்றார். அவள் ஒரு வாய் வைத்தாள். பழக்கதோஷம், நாக்கு தானாக ஒரு சுற்று புரட்டியது. விழுங்கினாள்.

"சர்க்கரை அரைக் கரண்டி கம்மி."

அவர் முகம் வாடுகிறதா என்று பார்த்தாள். வாடவில்லை. சமையலறையில் உதவி ஆள் உப்புப் பார்த்துச் சொல்லும்போது கேட்டுக்கொள்வாரே, அப்படித் தலையாட்டினார்.

"போட்டு எடுத்துட்டு வரவா?"

"வேணாம். இதைக் குடிச்சுக்கிறேன். நாளைக்குச் சேர்த்துப் போடுங்க."

"நாளைக்கு முதல்ல பால் வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அவள் மெதுவாகக் குடித்தாள். ஆறாவது மாடி எங்கேயும் ஓடிப்போகாது. முழங்கால் இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.