வெயிலில் தெரியாத திரை

எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் எங்கள் கம்பெனியின் இரண்டாம் நம்பர் ஷெட்டில் ஒரு தகர மேஜை கிடந்தது. அதன்மேல் ஒரு செல்போனை வைத்து, எங்கள் மேனேஜர் என் சித்தப்பாவைப் பார்த்து, "இது என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டார். சித்தப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். திரையில் முடியிழை மாதிரி சாம்பல் கோட்டில் ஒரு பெட்டி வரைந்திருந்தது. "பெட்டி சார்" என்றார். "பெட்டிதான். என்ன பெட்டி?" "தெரியல சார்." மேனேஜர் விரலால் தள்ளி அடுத்த படத்தைக் காட்டினார். "இது?" "இதுவும் பெட்டிதான் சார்." சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு பல பேர் சிரித்தார்கள். நான் மேனேஜருக்கு இடது பக்கம், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். என் உதடும் தானாக விரிந்துவிட்டது. சித்தப்பா நிமிர்ந்து பார்த்தது சரியாக அந்த நேரத்தில்தான்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. ஆனால் பெங்காலியோடும் மலையாளியோடும் ராஞ்சிக்காரரோடும் தீவு ஹிந்தியில் சண்டை போட்டு, அதே ஹிந்தியில் சமாதானமும் ஆகிவிடுவார். சென்னையிலிருந்து வரும் கப்பலில் இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிப்பது அவர் வேலை. அதற்கு டாலி என்று பெயர். அப்பா இறந்த வருஷம் அவர்தான் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் இதே கம்பெனியின் ஆபீஸில் உட்கார வைத்தார். மதியச் சாப்பாட்டை இருவரும் ஷெட் ஓரத்துப் பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். என் டப்பாவிலிருந்து கூட்டை எடுத்துக்கொண்டு அவருடைய மீனை என் டப்பாவில் போடுவார். பதினோரு வருஷம் அப்படித்தான் நடந்தது.

முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு கம்பெனியே ஆளுக்கொரு செல்போன் கொடுத்தது. அந்த போனைத் திறந்தால் நாலு பெரிய கட்டங்கள் இருக்கும். இறங்கிய சரக்குக்குப் பச்சை, காத்திருப்பதற்கு மஞ்சள், சேதமானதற்குச் சிவப்பு, வெளியே போனதற்கு நீலம். சித்தப்பாவுக்கு அந்தக் கட்டங்களைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கிரேன் மேல் வைத்தபடி, வலது கட்டைவிரலால் டக் டக்கென்று அழுத்திக்கொண்டே போவார். கணக்கில் ஒரு மூட்டை கூடினதில்லை, குறைந்ததுமில்லை.

மேனேஜர் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவராக இருக்கலாம். அவருடைய அறையில் மேஜைமேல் ஒரு பேனா மட்டும் இருக்கும். சுவரில் மாட்டியிருந்த காலண்டரையும் சாமி படத்தையும் வந்த முதல் வாரமே எடுக்கச் சொல்லிவிட்டார். கெட்டவர் என்று அப்போது யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. குரல் உயர்த்த மாட்டார், எல்லோரையும் 'வாங்க, போங்க' என்பார். வந்த ஆறாம் மாதம் எங்கள் போன்களின் முகத்தை மாற்றினார். வெள்ளைப் பின்னணி, அதன்மேல் சாம்பல் கோட்டில் சின்னச் சின்னப் படங்கள். எழுத்தில்லை, நிறமில்லை. பெட்டிக்குள் ஒரு விரிசல் கோடு இருந்தால் சேதம். பெட்டியின் மூலையில் கடிகார முள் மாதிரி ஒரு சின்னக் கோடு இருந்தால் காத்திருப்பு. ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கே அழகாகத்தான் தெரிந்தது. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்று அவர் சொன்னபோது தலையாட்டினேன்.

கப்பல் வந்து அணையும் ஜெட்டியில் இரண்டு கட்சியாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. மருந்துச் சரக்கைப் பார்த்துக்கொண்ட தெலுங்கு அக்காவுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. ஷெட்டின் இருட்டில் நாள் முழுக்க அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்துப் பார்த்துச் சாயங்காலம் கண்ணைத் திறக்க முடியாமல் பஸ் ஏறுவார். "இப்ப ஆராமா இருக்கு. அந்தப் பழைய கலர் எல்லாம் கண்ணுல குத்தும்" என்றார். வெளியே வெயிலில் நின்றவர்கள் பாடு வேறு. கடல் பளபளப்பில் அந்தக் கோடுகள் திரையில் இருப்பதே தெரியவில்லை. டாலிக்காரர்கள் சார்பில் சித்தப்பாதான் போய்க் கேட்டார். "எல்லாம் நீங்க சொன்னபடியே இருக்கட்டும் சார். செவப்பை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க." மேனேஜர் புன்னகையோடு, "கலர் கலரா வைக்க இது என்ன ஹோலியா? பழகிடும், போங்க" என்று அனுப்பிவிட்டார்.

பழகுவதற்குள் வெங்காயம் வந்தது. ரங்கத் பஜார் வியாபாரி ஒருவருக்கு வந்த சரக்கு. நல்ல மூட்டைகள். லாரி வரும்வரை காத்திருக்க வேண்டியவை. நடுப்பகல் வெயிலில் நின்று சித்தப்பா காத்திருப்பு என்று நினைத்துச் சேதத்தை அழுத்திவிட்டார். சேதமான சரக்கைப் பின்னால் இருக்கும் ஒழுகல் ஷெட்டுக்கு இழுத்துப் போட்டுவிடுவார்கள், பரிசோதிக்க ஆள் வரும்வரை யாரும் தொடமாட்டார்கள். ரங்கத் லாரி வெறுமனே திரும்பிப் போயிற்று. மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் வாசனை வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அதற்கு மறுநாள் காலைதான் அந்தத் தகர மேஜை, அந்தக் கேள்விகள், அந்தச் சிரிப்பு.

சித்தப்பாவை டாலியிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே வரும் லாரி நம்பரை எழுத வேண்டும், தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்க வேண்டும். அன்று மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன். அவர் வரவில்லை. கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். "நீ சாப்புடுத்தா, எனக்கு இனிமே டைம் ஒத்துவராது" என்றார். ஒரு குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அவர் திட்டாததால் அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் அதைப் பார்ப்பேன். அந்தச் சிரிப்பை என் முகத்தில் வரவழைத்தவரை விடுவதில்லை என்று முடிவு செய்ததும் கண்ணாடி முன்னால் நின்றுதான்.

மூன்று மாதம் ஒன்றுமே செய்யவில்லை. அவருக்குக் காப்பி எப்படி வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அவர் எழுதும் கடிதங்களைப் பிழையில்லாமல் டைப் செய்தேன். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் மேடம் வருகிறார் என்று செய்தி வந்தபோது நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் வேலை தானாக என்னிடம் வந்தது. மேனேஜர் தன் அறையில் பெரிய டிவியில் புதிய திரையைக் காட்டுவதாகத் திட்டம். நான் சென்னைக்கு போன் செய்து, மேடத்தின் உதவியாளரிடம், "ஜெட்டியிலயே நேரடியா பார்த்தா மேடத்துக்கு நல்லா இருக்கும், இல்லையா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். மேனேஜரிடம் போய், "மேடம் ஆபீஸ்லேர்ந்து ஜெட்டியிலயே பார்க்கணும்னு சொல்றாங்க சார். நீங்களே ஒரு லோடு டாலி பண்ணிக் காட்டினா நல்ல பேரு வரும்" என்றேன். அவருக்குச் சந்தோஷம். நேரம் பதினொன்றரை என்று நான்தான் எழுதினேன்.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தினமும் காலையில் போன்களை சார்ஜிலிருந்து எடுத்து விநியோகிப்பது என் பொறுப்பு. அன்று மேனேஜருக்கென்று ஒரு போனை எடுத்து வைத்தபோது, அதன் திரை வெளிச்சத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்கிவிட்டேன். அறைக்குள் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெளியே கொண்டுபோனால் தெரியும்.

மேடம் வயதானவர், காட்டன் புடவையும் கான்வாஸ் ஷூவும். ஜெட்டியில் கிரேன் ஒரு வலை நிறைய மூட்டையை இறக்கியது. மேனேஜர் கூலிங் கிளாஸோடு போனைப் பிடித்தார். ஒரு தடவை அழுத்தினார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார். போனை நெஞ்சோடு சாய்த்து நிழல் பண்ணிப் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்ட மேலிருந்து விரலால் இழுத்தார். இறங்கி வந்த பட்டையிலும் அவர் கொண்டுவந்த அதே சாம்பல் கோட்டுப் படங்கள்தான். எதையோ அழுத்தினார், டார்ச் எரிந்தது. உச்சி வெயிலில் அந்த லைட்டோடு அவர் நின்றதைப் பார்த்து கிரேன் பக்கமிருந்து ஒருவன், "சார், திகா? தெரிஞ்சுதா? இன்னும் வெளிச்சம் வேணுமா?" என்றான். ஜெட்டி முழுக்கச் சிரிப்பு.

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். என் குரல் எவ்வளவு பணிவாக இருந்தது என்பது எனக்கே ஞாபகமிருக்கிறது. "இப்ப அழுத்தினீங்களே, அது என்ன சார்?" "வெயிட்டிங்." "இல்ல சார், டேமேஜ்." அடுத்ததை அழுத்தினார். "இது என்ன சார்?" அவர் போனை முகத்தருகே கொண்டுபோனார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை திரைமேல் விழுந்தது. "மேடம், இன்னைக்கு வெயில் கொஞ்சம் அதிகம்" என்றார். மேடம் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். "இங்க என்னைக்குக் கம்மி?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். எனக்கு வாயெல்லாம் இனித்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதற்கு வேறு வார்த்தை தேடத் தோன்றவில்லை.

இரண்டு வாரத்தில் நிறங்கள் திரும்பி வந்தன. மழைக்காலம் முடிந்ததும் மேனேஜர் மெயின்லேண்டுக்கே மாற்றப்பட்டார். விடைபெற வந்த அன்று என் மேஜை அருகே நின்றார். "அன்னைக்கு அந்த போன் கொஞ்சம் டிம்மா இருந்துச்சோ?" என்றார். "வெயில் சார்" என்றேன். என்னையே பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை.

தெலுங்கு அக்காவுக்குத் தலைவலி திரும்பிவிட்டது. ஷெட்டின் இருட்டிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். நான் செய்ததன் முழுக்கதை அவருக்குத் தெரியாது, ஆனால் ஜெட்டியில் கேள்வி கேட்டது யார் என்று தெரியும். "உன் குஸ்ஸாவுக்கு என் கண்ணுதான் கிடைச்சுதா?" என்று ஒரு நாள் கேட்டார். என் கோபத்தைச் சொன்னாரே தவிர, தான் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு அடுத்தவர் தலைவலி பெரிதாகப் படவில்லை.

சித்தப்பாவைத் திரும்ப டாலிக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. கேட் வேலையே போதும் என்றுவிட்டார். நான் போய் அவர் நாற்காலி பக்கத்தில் நின்று, ஜெட்டியில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்திருந்தேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். "டார்ச்சு எரிஞ்சதுன்னியே, எம்புட்டு நேரம் எரிஞ்சது?" "அணைக்கத் தெரியல சித்தப்பா. போனையே திருப்பிப் பிடிச்சுக்கிட்டார்." அவர் தோள் குலுங்கியது. வியர்வையைப் பற்றிக் கேட்டார், மேடம் என்ன புடவை என்று கேட்டார். பிறகு, "நீ சிரிச்சியாத்தா?" என்றார். "சிரிச்சேன்." "ம். நீ அன்னைக்கும் சிரிச்சவதானே" என்றார். ஒரு லாரி ஹாரன் அடித்தது. எழுந்து கட்டையைத் தூக்கப் போய்விட்டார். ஓய்வு பெறும்வரை அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தபோதெல்லாம் லாரி வந்தது.

இப்போது அந்த மேனேஜர் அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். காலண்டரைத் திரும்ப மாட்டிவிட்டேன். போன வருஷம் திரைகளை மாற்ற வந்த பெங்களூர்ப் பெண்ணிடம், ஒரே போனில் வெள்ளையும் நிறமும் இரண்டும் இருக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டேன். "ஏன் முடியாது?" என்றாள். வேண்டியவர் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆரம்பித்து டீ நேரத்துக்குள் முடித்துவிட்டாள். தெலுங்கு அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். மற்றவர்கள் அவளுக்குக் கைதட்டினார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மதியம் போதுமாயிருந்த வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டு அந்தப் பழைய மேனேஜர் ஒரு மனிதனைத் தகர மேஜை முன் நிறுத்தினாரே என்று ஆறியிருந்த கோபமெல்லாம் திரும்ப வந்தது.

அதன்பின் சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்தே செய்தி வந்தது. என் எண்ணை எப்படியோ வாங்கியிருக்கிறார். வேலை போய்விட்டதாம், வேறு ஒரு துறைமுகக் கம்பெனியில் சேர முயற்சியாம். கூட வேலை பார்த்தவர் என்ற முறையில் நான் இரண்டு வரி நல்லதாக எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்குமாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதையும் கடைசியில் எழுதியிருந்தார். அது உண்மையாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. மறுநாள், "மேடம், பார்த்தீங்களா?" என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து ஒரு வணக்கம் மட்டும். போன ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று வந்தது.

பதில் எழுதவில்லை, எண்ணைத் தடுக்கவும் இல்லை. வருகிற ஒவ்வொன்றையும் திறந்து, நிதானமாகப் படித்துவிட்டு மூடுகிறேன். நான் படித்துவிட்டேன் என்பது அவருடைய திரையில் இரண்டு நீலக் குறிகளாகத் தெரியும். அவர் எந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தாலும் அந்த நீலம் தெரியட்டும்.