அத்தை மலையேறிய பங்குனி

போடிக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம் அது. எனக்குக் கல்யாணமாகி, மூத்த மகள் மழலை பேசி ஓடியாடிக்கொண்டிருந்தாள். மாமனாருக்கு ஏலக்காய் வியாபாரம். மலைக்கு மேலே, திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. மாமாவும் என் வீட்டுக்காரரும் மாறி மாறிப் போய் வருவார்கள். காய் எடுக்கும் காலத்தில் கூலிக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள் மட்டும் ஏறியதில்லை. ஏறக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் அடுப்படியில் தோட்டத்துக்கு அனுப்பப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தோம். அத்தை, அதாவது என் மாமியார், கரண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏத்தா, அங்கன ஓடை இருக்குன்னு சொல்றாகளே, நம்ம ஆத்து மாதிரி மணல் கெடக்குமா, இல்ல வெறும் பாறைதானா?"

எனக்குத் திக்கென்றது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அந்தத் தோட்டத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர். தோட்டத்தில் விளைந்த காசில்தான் மகள்களைக் கட்டிக் கொடுத்தார். வாசலில் நின்றால் தெரியும் மலை. ஆனால் அந்த ஓடையில் மணலா பாறையா என்று தெரியாது. "நீங்க போனதே இல்லையா அத்தை?" என்றேன். "நா கட்டிக் குடுத்த சோறு எத்தனையோ தடவ ஏறிருச்சு. நாந்தேன் ஏறல" என்று சிரித்துவிட்டு மறுபடி கிளற ஆரம்பித்தார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், குடும்பத்தோடு ஒருமுறை போய்த் தங்கி வருவது என்று. எடுத்தவுடன் மாமாவிடம் கேட்டால் காரியம் கெட்டுவிடும். அதனால் முதலில் என் வீட்டுக்காரரிடம் பாதையைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தேன். மலையடிவாரத்து முந்தல் வரை மாட்டு வண்டி போகும். அதற்கு மேல் நடைதான். எந்த இடத்தில் தண்ணீர், எந்த இடத்தில் நிழல், எங்கே ஏற்றம் நெஞ்சைப் பிடிக்கும் என்று எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டேன். பங்குனி மாதம்தான் சரி என்று பட்டது. கடைசிக் காய் எடுத்து முடிந்திருக்கும், கூலியாட்கள் இறங்கியிருப்பார்கள், காய் உலர்த்தும் ஸ்டோர் காலியாக இருக்கும். அட்டைக்கடியும் குறைவு.

இன்னொரு காரியமும் செய்தேன். தை பிறந்ததிலிருந்து தினமும் விடியற்காலை அத்தையை ஊருக்கு வெளியே சின்னக் குன்றின் மேல் இருந்த கரட்டுக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முதல் நாள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மாசி முடிவதற்குள் எனக்கு முன்னால் ஏற ஆரம்பித்துவிட்டார். தெருவில் எல்லோரும் நாங்கள் ஏதோ பெரிய நேர்த்திக்கடன் வைத்திருப்பதாக நினைத்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

மாமாவிடம் பேச்சை எடுத்தபோது அவர் கோபப்படவில்லை. கணக்குக் கேட்பது போலக் கேட்டார். எங்கே தங்குவீர்கள், குளிருக்கு என்ன செய்வீர்கள், பிள்ளையை யார் தூக்குவது என்று. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில், "எல்லாஞ் சரித்தா. ஒங்க அத்தை நடப்பாளா? டோலி கட்டித்தேன் தூக்கணும்" என்றார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "நடப்பேன்."

மறுநாள் மாமா செருப்புத் தைப்பவரிடம் அத்தைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதுவரை அத்தை செருப்புப் போட்டதில்லை.

பங்குனியில் ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். மாமா, அத்தை, நாங்கள் இருவர், மகள். முந்தலில் சாமான்களைப் பொதிமாட்டில் ஏற்றினோம். அரிசி, பருப்பு, கம்பளி, பழைய சேலைகள், பிள்ளைக்குச் சுக்கு, ஓமம், விளக்கெண்ணெய் என்று நான் மூட்டை கட்டியிருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் குடித்தனமே மாறிப் போவதாகக் கேலி செய்தார்.

அத்தை சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். பாதி மலைக்கு மேல் ஒரு திருப்பத்தில் வெளி திறந்துகொண்டது. கீழே ஊர் மொத்தமும் தெரிந்தது. கண்மாய் வெயிலில் பளபளத்தது. மதுரைக்குப் போகும் ரயில் மரவட்டை மாதிரி ஊர்ந்தது. அத்தை வெகுநேரம் நம் வீடு எங்கே என்று தேடினார். மாமா பக்கத்தில் நின்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் இருவரும் அப்படித் தோளோடு தோள் நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லையில் சாமான்களைச் சோதிக்கும் சவுக்கையில் இருந்த காவலர் மலையாளத்தில் அத்தையைப் பார்த்து, நடந்தா வந்தீர்கள் என்கிற மாதிரி ஏதோ கேட்டார். அத்தைக்கு மலையாளம் தெரியாது. ஆனாலும் கேள்வி புரிந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினார். காவலர் சிரித்துக்கொண்டே மூட்டைகளைச் சோதிக்காமல் விட்டுவிட்டார்.

ஸ்டோர் என்பது பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்ட கட்டடம். ஒரு பக்கம் காய் உலர்த்தும் அறை, ஒரு பக்கம் தங்கும் அறை. சுவரெல்லாம் ஏலக்காய் வாசம் ஊறிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு புல் குடிசையில் காவல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. தலைப்பிள்ளைத்தாய்ச்சி. சித்திரையில் பிரசவம் என்று கணக்கு. நாங்கள் வந்து போனதும் வருசநாட்டில் இருக்கும் தாய் வீட்டுக்கு இறங்குவதாக இருந்தாள். அத்தையைப் பார்த்ததும் வெந்நீர் போடவும் அடுப்பு மூட்டவும் ஓடி ஓடிச் செய்தாள். அத்தை அவளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மறுநாள் காலை எல்லோரும் ஓடை வரை நடந்தோம். பாறைதான், மணல் இல்லை. அத்தை தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இம்புட்டுக் குளிர்ச்சியா" என்றார். என் மனசு நிறைந்துவிட்டது. வந்த காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது காவல்காரர் எதிரே ஓடி வந்தார். தண்ணீர் எடுத்து வந்தவள் குடத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். இடுப்பு வலி. நாள் இன்னும் இருக்கும்போதே கண்டுவிட்டது.

மாமா பதறிப்போனார். பதற்றத்திலும் எல்லோருக்கும் வேலை ஏவினார். மூங்கிலை வெட்டு, கம்பளியைக் கட்டு, டோலியில் போட்டுக் கீழே இறக்குவோம், போடியில் மருத்துவச்சி இருக்கிறாள் என்றார். என் வீட்டுக்காரர் அரிவாளோடு புறப்பட்டுவிட்டார். அத்தை மட்டும் குடிசைக்குள் போனார். சிறிது நேரத்தில் வெளியே வந்தார்.

"எறக்கக் கூடாது. தண்ணிக்குடம் ஒடஞ்சிருச்சு. பாதையில பெத்துருவா."

"ஒனக்கென்ன தெரியும்? நீ என்ன மருத்துவச்சியா?" என்றார் மாமா.

"இல்ல. ஆனா நானும் பெத்தவதேன். அவள அந்தச் சரிவுல தூக்கிட்டுப் போனா ரெண்டு உசுரும் போயிரும். வெந்நி போடச் சொல்லுங்க."

மாமாவை நேருக்கு நேர் எதிர்த்து அத்தை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா தானே போய் விறகைப் பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்பின் முன்னால் குந்தி ஊத ஆரம்பித்தார்.

உள்ளே நான் அந்தப் பெண்ணைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருந்தேன். என் கையை அவள் இறுக்கிய இறுக்கில் வளையல் உடைந்தது. அத்தை பேசிக்கொண்டே இருந்தார். "இந்தா ஆச்சு தாயி, இன்னொரு மூச்சு, இன்னொரு மூச்சு" என்று. குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது. ஆனால் கைகள் நடுங்கின. அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. நான் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். உடனே என் கையைப் பார்த்தார், அவளைப் பலமாகப் பிடி என்பது போல. இருவரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

பொழுது மலைக்கு அந்தப் பக்கம் சாயும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. நீலம் பாரித்துத் துணி மாதிரிக் கிடந்தது. வெளியே எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது போலிருந்தது எனக்கு. அத்தை விரலில் துணியைச் சுற்றிப் பிள்ளையின் வாயைத் துடைத்தார். குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தேய்த்தார். "அழுடா, என் ராசா, அழுடா" என்று கெஞ்சினார். தாய்க்காரி என் மடியில் தலையைத் திருப்பி, "ஏன் சத்தத்தைக் காணோம்?" என்று கேட்டாள். நான் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

அப்போது ஒரு சின்ன இருமல். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அப்புறம்தான் அழுகை. தகரக் கூரையில் மழை கொட்டுவது போல வெளியே மூன்று ஆண்களும் ஒரே சமயத்தில் ஏதேதோ பேச ஆரம்பித்தார்கள். அத்தை தொப்புள்கொடியில் நூல் கட்டி, வெந்நீரில் போட்டெடுத்த கத்தியால் அறுத்து, பிள்ளையை என் பழைய சேலையில் சுற்றித் தாயின் மார்பில் வைத்தார். பிறகு குடிசைக்குப் பின்னால் போய்த் தனியாக நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் இறங்குவதாகத்தான் எங்கள் திட்டம். அத்தை வர மாட்டேன் என்றுவிட்டார். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார். ஆண்கள் இறங்கிப் போய் அந்தப் பெண்ணின் தாயை அழைத்து வரும்வரை நாங்கள் அங்கேயே தங்கினோம். காலையில் மூடுபனி விலகும்வரை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அத்தை பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். என் மகள் ஏலச்செடிகளுக்கு நடுவே ஓடித் திரிவாள். அத்தனை நிம்மதியான நாட்கள் எனக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் மாமா கடைவீதியில் ஒரு வியாபாரியையும் விட்டுவைக்கவில்லை. ஏலக்காய் விலை பேச வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்ல மலைக்கு நடந்தே வந்தாக, வந்த எடத்துல ஒரு உசுரைக் காப்பாத்திட்டாக" என்றார். அத்தையை அவர் மரியாதையாகச் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே, அத்தை எதுவும் காதில் விழாதது போல அரிசி களைந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

அடுத்த வருஷம் மாசி பிறந்ததும் மாமாவே என்னிடம், "என்னத்தா, இந்த வருசம் எப்பக் கெளம்பலாம்?" என்று கேட்டார். அதன்பின் அத்தைக்கு முடிந்தவரை வருஷம் தவறாமல் போனோம். அந்தப் பிள்ளை அத்தையை "மலையம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு பாதி வழிக்கே ஓடி வருவான்.

எனக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன், வீடு கட்டியிருக்கிறேன், வியாபாரத்தில் நஷ்டம் வந்தபோது தாங்கியிருக்கிறேன். ஆனாலும் உன் வாழ்நாளில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், அத்தையை மலைக்கு அழைத்துப் போனேன் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.