நிமிர்ந்து பார்த்தாலே வலித்த கண்

என் பேரு ஸ்டெல்லா, ஊரு அனுமந்தை. மரக்காணத்துல உப்பு பாக்கெட் போடற கம்பெனியில வேலை செய்யறேன். ஆண்டவர் எனக்கு இரங்கினதைச் சொல்லாம இருக்க முடியல, அதான் சொல்றேன்.

போன தவக்காலம், ஈஸ்டருக்கு ஒண்ணரை மாசம் முன்னாடி வர்ற சாம்பல் புதன் அன்னிக்கு ஆரம்பிச்சுது. வலது கண்ணுக்கு மேல, மூக்கோரமா, எலும்புக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி ஒரு வலி. அப்படியே நெத்திக்கு ஏறி பாதித் தலையைப் பிடிச்சுக்கும். கண்ணைத் தூக்கினா உயிரே போகும்.

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. "உப்பளத்து வெளிச்சம்மா, கூலிங் கிளாஸ் போடு"ன்னாரு மேஸ்திரி. நான் நாள் பூரா ஷெட்டுக்குள்ள உக்காந்திருக்கறவ! மாமியார் திருஷ்டின்னாங்க. என் வீட்டுக்காரர் அந்தோணி, "எந்நேரமும் போனு. வேற என்ன?"ன்னாரு.

டாக்டருங்க மட்டும் என்னவாம்? ஒருத்தர் கண்ணாடி எழுதினாரு. ஒருத்தர் ஒத்தைத் தலைவலின்னாரு. அவர் குடுத்த மாத்திரையில நின்னுக்கிட்டே தூங்கினேன். இன்னொருத்தர் சைனஸ்னு ஆவி பிடிக்கச் சொன்னாரு. மூஞ்சி வெந்ததுதான் மிச்சம். பாண்டிச்சேரி போய் ஸ்கேன் எடுத்தோம். "எல்லாம் நார்மல். டென்ஷனைக் குறைச்சுக்கோங்க"ன்னாங்க. நார்மல்னா ஏன் வலிக்குது?

எங்க தெரு கிறிஸ்தவக் குடும்பங்க ஒண்ணா கூடற அன்பியத்துல எனக்காக ஜெபிச்சாங்க. பிலோமினா அக்கா கையைத் தலையில வெச்சு அழுத்தினாங்க பாருங்க, கட்டைவிரல் சரியா அந்த இடத்துல. அலறிட்டேன். "ஆவியானவர் தொட்டுட்டார்!"னு எல்லாரும் கை தட்டறாங்க. "அக்கா, முதல்ல கையை எடுங்க"ன்னு கத்தினேன்.

ஈஸ்டர் போச்சு. வலி போகல. பாதிக் கண்ணை மூடிக்கிட்டே வேலை பார்த்ததுல, பாக்கெட் ஒட்டற மெஷின்ல கையைச் சுட்டுக்கிட்டேன். "சரியானப்புறம் வாம்மா"ன்னு கம்பெனியில அனுப்பிட்டாங்க. கண்ணே போயிடுமோ, மண்டைக்குள்ள கட்டியோன்னு பயம் வேற.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரா கோயிலுக்குப் போனேன். யாருமே இல்ல. பீடத்துக்கு மேல இருக்கற சிலுவையைப் பார்க்க நிமிர்ந்தேன். சுரீர்னுது. தலையைக் குனிஞ்சு தரையைப் பார்த்தே பேசினேன்: "ஆண்டவரே, மூணு மாசமா கெஞ்சறேன். சுகம் கூட அப்புறம் குடு. இது என்னன்னு தெரிஞ்ச ஒரே ஒரு ஆளைக் காட்டு. அதுவும் முடியாதா உன்னால?" அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் கூட சொல்லல.

அந்த ஞாயித்துக்கிழமையே எங்க கோயிலோட பங்குப் பள்ளிக்கூடத்துல கண் முகாம்னு பூசையில சாமியார் அறிவிச்சாரு. மறுபடியும் கண்ணாடியான்னு வெறுத்துப்போச்சு. அந்தோணிதான் இழுத்துக்கிட்டுப் போனாரு. அங்க இருந்தது வயசான ஒரு டாக்டரம்மா. அவங்களும் முதல்ல, "எழுத்து தெரியுதா?"ன்னாங்க. எனக்குப் பொறுக்கல.

"எழுத்தெல்லாம் தெரியுதுங்க! கோயில்ல சிலுவையை நிமிர்ந்து பார்க்க முடியல. அதுக்கு மருந்து இருக்குதா?"

எழுதிட்டிருந்தவங்க பேனாவைக் கீழ வெச்சாங்க. "மேல பார்த்தாதான் வலிக்குதா?" எழுந்து வந்து, கண்குழியோட உள்மூலையில ஒத்தை விரலை மெதுவா வெச்சாங்க. "இங்கயாம்மா?"

அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அத்தனை மாசத்துல, 'இங்கயா'ன்னு கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

கண்ணைத் திருப்பற தசை ஒண்ணு, அந்த மூலையில சின்னக் கப்பி மாதிரி ஒரு வளையத்துக்குள்ள போகுதாம். அந்த இடம் வீங்கிப்போயிருக்குன்னாங்க. பொதுவா பார்வைக்கு ஆபத்தில்லன்னாங்க. அவங்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, ரத்தம் பார்த்துட்டு, அந்த இடத்துலயே ஊசி போட்டாங்க. கண்ணுகிட்ட ஊசி! அந்தோணி என் காலைப் பிடிச்சுக்கிட்டு, "போனுன்னு சொன்னது தப்புதாம்மா"ன்னாரு. ரெண்டு வாரத்துல வலி விட்டுது. நடுவுல ஒரு தடவை எட்டிப் பார்த்துது, மாத்திரையில அடங்கிடுச்சு. இப்ப வேலைக்குப் போறேன்.

"டாக்டர்தானே குணமாக்கினாங்க?"ன்னு கேக்கறாங்க. நான் கேட்டதே ஒரு ஆளைத்தானே! ஆளைக் குடுத்தாரு. ஏன் அத்தனை நாள் காக்க வெச்சீங்கன்னு இன்னும் கேக்கறேன். பதில் வரல. ஆனாலும் தினம் அவர்கிட்ட பேசறேன். முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான்.

இன்னொண்ணும் மாறியிருக்கு. கூட வேலை செய்யற ராணி இடுப்பு வலின்னா, சாக்கு சொல்றான்னு நானே சிரிச்சிருக்கேன். இப்ப பக்கத்துல உக்காந்து, "எங்க வலிக்குது, காட்டு"ன்னு கேக்கறேன்.

நீங்களும் ஆண்டவர்கிட்ட போங்க. அழகா ஜெபிக்க வரலையா, பரவாயில்ல. எங்க வலிக்குதுன்னு உள்ளபடி சொல்லுங்க. கோபம் வந்தா கோபமாவே சொல்லுங்க. அவர் கேட்டுக்குவாரு.