அரைக் கேலன் துரையும் லொறி டிரைவரும்

வண்டிகளுக்குப் பெற்றோல் அடிக்கிற செட்டில் பில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: வண்டி வைத்திருக்கிற எவருமே தான் பெற்றோலை வீணாக்குவதாக நினைப்பதில்லை, வீணாக்குகிறவன் எப்போதும் அடுத்த வண்டிக்காரன்தான். இந்த நம்பிக்கையால் அநியாயத்துக்கு ஆளானவர் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் மாரிமுத்து அண்ணன். லொறி அளவுக்கு மீறிக் குடிக்கிறது, ஆகவே அவர் பெற்றோலைத் திருடி விற்கிறார் என்று தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்துரை கடிதமே கொடுத்துவிட்டார். மாத முடிவுக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை போகும். வேலை போனால், மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிற, தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பறாவும் போகும்.

நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன். அந்த நீண்ட விடுமுறை முழுக்க, லிந்துலைப் பக்கத்து செட்டில் அவருடைய நாற்காலியில் நான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊராரின் உபதேசமெல்லாம் கேட்டுக் காது புண்ணான என் இனத்தாரே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சுவரில் ஒட்டிய சட்டம்

சின்னத்துரையின் பங்களா மலையுச்சியில், செட் அடிவாரத்தில். எஞ்சினை அணைத்துவிட்டுப் பூனை மாதிரி சத்தமில்லாமல் காரில் வழுக்கிக்கொண்டு வந்து நிற்பார். ஒரு நாள் டைப் அடித்த தாளோடு வந்தார். தோட்டத்து வாகனமெல்லாம் இனி இப்படித்தான் ஓட வேண்டுமாம். செட்டுச் சுவரிலும் ஒட்ட வேண்டுமாம். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்து. சும்மா சும்மா பிரேக் பிடிக்காதே. டேங்கை நிரப்பாதே, பெற்றோலும் பாரம்தான்.

"முதல் இரண்டு விதியையும் ஒரே வளைவில் கடைப்பிடித்தால், மூன்றாவது விதிக்கு ஆள் மிஞ்சுமா சேர்?" என்று கேட்டேன். வாதம் என்றால் எனக்குச் சோறு வேண்டாம். அவருக்கோ அது காதிலேயே விழவில்லை. வழக்கம்போல அரைக் கேலன் மட்டும் போட்டுக்கொண்டு, மாரிமுத்து அண்ணனின் லொறியை முறைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், அந்த லொறி குடிக்குது. என் கார் குடிக்காது, மோந்துதான் பாக்கும்!"

கிளாக்கர் ஐயா விழுந்த விதம்

அந்தச் சட்டத்தை வேதமாக எடுத்துக்கொண்டவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா. புது ஸ்கூட்டர். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தவரை, முதுகில் கூடையோடு ரோட்டைக் கடந்த கொழுந்துக்காரிகள் கவனிக்கவில்லை; சத்தம் இருந்தால்தானே கவனிப்பதற்கு! அவர்கள் மேல் மோதாமல் விலகி, ஐயா தேயிலைக்குள் பாய்ந்துவிட்டார். தலையில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு செட்டுக்கு வந்து சேர்ந்தார்.

லொறி போய்வருகிற விபரமெல்லாம் அவர் எழுதுகிற புத்தகத்தில்தான் இருந்தது. "அதைக் காட்டினாலே மாரிமுத்து அண்ணன் தப்பிவிடுவாரே ஐயா?" என்றேன். "எழுதக்கூடியதைத்தான் பாப்பா எழுதுவோம்" என்று முணுமுணுத்துவிட்டு, முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டே பேச்சை மாற்றினார்: "விழுந்தது உண்மைதான். ஆனா ஒரு சொட்டு செலவில்லாம விழுந்தேன், பாத்தியா!"

நானாவின் கார்

கடைக்கார நானாவின் பழைய காருக்கு வேறொரு சட்டம். ஏற்றம் வந்தால் ஏறியிருப்பவர்கள் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். உச்சியில் கார் காத்திருக்கும். ஒரு நாள் தோட்டத்துப் பாதையில் இறக்கிவிடப்பட்டவர் அவருடைய மாமியார். திரும்பி வரும்போது செட்டில் சோடா வாங்கிக் குடித்தும் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது நிற்கவில்லை.

"பெற்றோல் மிச்சம்தானே மாமி" என்று நானா சமாதானம் சொல்ல, மாமி வெடித்தார்: "மிச்சம் புடிக்கிறதெண்டா அந்தச் சின்னத்தொரையப் பாத்துப் படிங்க மகன்! நாலாவது வளைவில அவர்ட காரும் நிண்டுதான் போச்சு. ஆனா அவர் இறங்கி நடக்கல்ல. லொறி வந்து இழுக்க, உக்காந்தபடியே பேப்பர் வாசிச்சிட்டுப் போனார்!"

எழுதாத பயணம்

மறுநாள் மாரிமுத்து அண்ணனை மடக்கிப் பிடித்தேன். மெல்ல மெல்ல வந்தது உண்மை. அரைக் கேலனோடு மலையேறுகிற கார் பாதி வழியில் வறண்டுவிடும். லொறி நிற்கிற தேயிலை ஃபெக்டரிக்குத் துரையிடமிருந்து ஆள் வரும். லொறி வெறுமனே இறங்கிப் போய், காரைச் சங்கிலியால் கட்டி மேலே இழுத்து வரும். வாரத்துக்கு மூன்று, நான்கு தடவை. புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. துரையை லொறி இழுத்தது என்று எந்தக் கிளாக்கர் எழுதுவார்?

எனக்கு ரத்தம் கொதித்தது. "நேரே முகத்துக்கு முன்னால் சொல்லுங்கள் அண்ணே! உங்களுக்கு வாயில்லையா? நியாயம் உங்கள் பக்கம்தானே?" என்று பொரிந்து தள்ளினேன். அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஒங்களுக்கு லீவு முடிஞ்சா பேராதனை இருக்கு தங்கச்சி. காம்பறா போனா எனக்கு எது இருக்கு?"

அன்று வாதத்தில் ஒருத்தி தோற்றாள், அது நான்தான்.

செட்டில் நடந்த விசாரணை

மாதக் கடைசியில் சின்னத்துரை, கிளாக்கர் ஐயா, மாரிமுத்து அண்ணன் மூவரும் செட்டுக்கே வந்துவிட்டார்கள். இவன் இங்கே பெற்றோல் விற்கிறானா என்று என்னிடம் கேட்கத்தான். "இல்லை" என்றேன். அத்தோடு நிறுத்துகிற பிறவியா நான்? "லொறி ஒரு நாளைக்கு எத்தனை தடவை மலை இறங்கும் ஐயா?" என்று கிளாக்கர் ஐயாவைக் கேட்டேன்.

"ஒரு தடவை."

"நாலாவது வளைவில் லொறியை ஊர் பார்த்தது எத்தனையாவது தடவை?"

கிளாக்கர் ஐயா கூரைத் தகரத்தை ஆராய ஆரம்பித்தார். துரையின் முகம் சிவந்தது. என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, "மாரிமுத்து! லொறி ஏன் ரொம்ப குடிக்குது? சொல்லு!" என்று கத்தினார். அண்ணன் லொறிக்குள் கிடந்த இழுவைச் சங்கிலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கைகட்டிக்கொண்டே சொன்னார்: "தொரைங்களே, நீங்க மேல ஏறுற பெற்றோலும் இந்த லொறியிலதாங்க எரியுது."

மூன்றாம் நாள் தோட்டத்து ஆபீசிலிருந்து மறுமொழி வந்தது. வாசித்துச் சொல்லச் சொல்லி அண்ணன் என்னிடம் நீட்டினார். வேலை தப்பியது, காம்பறாவும் தப்பியது. துரைக்கும் ஒன்றும் ஆகவில்லை: "விசாரணை கைவிடப்படுகிறது. லொறி அதிகம் குடித்ததற்குக் காரணம் அதில் கிடந்த சங்கிலியின் பாரமே என்று கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. சங்கிலியை இன்றே ஸ்டோரில் ஒப்படைக்கவும்."

பெற்றோலை மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி சொல்வார்கள். மானத்தை மிச்சம் பிடிக்கப் பதில் பேசத் தெரியாத ஓர் இரும்புத் துண்டு போதும்.