மெர்சி கொட்டிய கறி

வாலாஜாபாத்தில் பிறந்து பென்னலூருக்கு வாழ்க்கைப்பட்டவள் மெர்சி. நிலம் கம்பெனிக்குப் போனபின் அவளும் கணவன் ரத்தினமும் மாடியில் அறைகள் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். வாடகை வாங்குவதோடு நிற்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. 2012 மழைக்காலத்தில் சுடலைக்கண்ணு என்ற பையன் எங்கேயோ சாப்பிட்டுவிட்டு வாந்தியும் பேதியுமாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். அவன் அம்மா போனில் அழுததையும் அவளே கேட்க வேண்டியிருந்தது.

அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு ஒருநாள்தான் லீவு. அதற்குள் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது என்று பையன்கள் அறையிலேயே தங்கிவிட்டார்கள். மெர்சி எல்லோரையும் மதியம் பிரியாணிக்கு அழைத்தாள். காலையில் கறிக்கடையில் கூட்டம் நெருக்கும் என்று முந்தின நாள் சாயங்காலமே கோழி வாங்கி, தயிரும் மசாலாவும் பிசறி பிரிட்ஜில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டதாம். விடிந்தும் வரவில்லை.

பாத்திரத்தைத் தொட்டால் குளிர்ச்சியே இல்லை. நாற்றம் என்றும் சொல்ல முடியவில்லை. மசாலா வாசத்தில் எதுவும் பிடிபடவில்லை.

"இன்னா இப்போ? மஞ்சத்தூள் போட்டு நாலு தண்ணி அலசு. நல்லா வெந்தா சரியாப் பூடும்" என்றான் ரத்தினம்.

"ஆவலன்னா?"

"இம்மாங் கறியக் கொட்டுவாங்களா? கேட்டா சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுப் போட்டும். இந்தப் பசங்க வாந்தி எடுத்துக்கினு கெடந்தா, அவங்க வூட்டுக்கு நீ போன் பண்றியா?"

மெர்சி பின்பக்கம் குழி தோண்டிக் கறியைக் கொட்டி, நாய் கிளறாதபடி மண்ணைத் தள்ளி மிதித்தாள். பாத்திரத்தையும் பிரிட்ஜ் தட்டையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவினாள். கடைக்கு ஓடினால், அங்கே கோழி தீர்ந்திருந்தது.

மதியம் பையன்கள் குளித்து, புதுச்சட்டை போட்டு இறங்கி வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமலே, "கறி இல்லப்பா, கொட்டிட்டேன்" என்று நடந்ததைச் சொன்னாள்.

அவர்களில் அருள்பாண்டி என்பவன்தான் முதலில் பேசினான். "அதுக்கென்னக்கா, தேங்கா இருக்கா? நான் சொதி வைக்கேன். எங்க ஊர்ல கல்யாண மறுவீட்டுக்கே அதாம் சாப்பாடு."

கரண்ட் இன்னும் வராததால் மிக்சி ஓடாது. சுடலைக்கண்ணு தேங்காயைத் துருவ, இன்னொருவன் அம்மியில் நசுக்கிப் பால் பிழிந்தான். வீட்டிலிருந்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் பாசிப்பருப்பும் அதில் வெந்தன. மெர்சி சோறு வடித்து, இஞ்சித் துவையல் அரைத்தாள். எல்லோரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் ஜெபம் சொன்னதும் சாப்பிட்டார்கள். ரத்தினம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டு முறை சோறு கேட்டான்.

நல்ல கறியைக் கொட்டிவிட்டாள் என்று அவன் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். கறி நிஜமாகவே கெட்டிருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் கொட்டினேன் என்பாள். அதற்குமேல் வாதாட மாட்டாள்.